கண்மட்டக் கோடு

ஒரு மணிக்குப் போன் வந்தபோது மங்கையர்க்கரசி சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். ஹெப்சிபாதான். நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன், படங்களில் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, போனில் வேண்டாம் என்றாள், வைத்துவிட்டாள். போனில் வேண்டாம் என்று ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்லபடியாக முடிந்ததாக அரசிக்கு இந்த அறுபத்து நாலு வயதில் ஞாபகம் இல்லை. டாக்டர் அப்படிச் சொல்வார், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அப்படிச் சொல்வார்கள், இப்போது ஒரு ராக் பாடகனின் மனைவி சொல்கிறாள், பாடகன் செத்து நாலு வருஷம் ஆகிறது, அவனைப் பற்றிய புத்தகத்துக்குத்தான் அரசி எட்டு மாதமாகப் படம் போட்டுக்கொண்டிருக்கிறாள், ரூஃபஸ் ஞானாபரணம், படங்களோடு ஒரு வாழ்க்கை வரலாறு, மொத்தம் நாற்பத்து நாலு படம், நாற்பத்து மூன்று முடிந்தது, ஒன்று பாக்கி. முடிந்ததெல்லாம் போன வாரமே நகலாக ஹெப்சிபாவுக்குப் போய்விட்டது, குடும்பத்தார் பார்த்துச் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும் என்பது ஏற்பாடு. பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். அரசி சோற்றில் சாம்பாரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே கணவர் சிவப்பிரகாசம் இரண்டாம் முறை ரசம் விட்டுக்கொண்டார், யாரு போன்ல என்றார், புத்தகக்காரங்க என்றாள், அந்தத் தகரம் உருட்டுறவன் புத்தகமா என்றார், தானே சிரித்துக்கொண்டார், கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். நல்ல மனிதர். முப்பத்தெட்டு வருஷமாக எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியாகிவிட்டது, சொல்ல என்று ஒன்றுமே இல்லாத அந்த ஒன்றைத் தவிர. மழைக்காலத்தில் துணி காயப்போடுகிற நைலான் கயிறு ஹாலில் குறுக்கே ஓடுகிறது. அவர் குறட்டை ஆரம்பித்ததும் அரசி நாற்பத்து மூன்று படங்களையும் எடுத்துவந்து துணிக் கிளிப்பால் அதில் மாட்டினாள், இடம் போதாமல் ஜன்னல் கம்பியிலும் மாட்டினாள், நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நங்கநல்லூர் வீட்டின் இரண்டாம் மாடி ஹால் முழுக்க ரூஃபஸ். இதில் எங்கே என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டேன்?

நடந்தது என்று ஏதாவது இருந்தால் பயப்படுவதிலாவது ஒரு நியாயம் உண்டு. கடிதம் கிடையாது, கையைப் பிடித்தது கிடையாது, சேர்ந்து ஒரு சினிமாவுக்குப் போனது கிடையாது. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது, உயிரை விடுகிற அளவுக்குப் பிடித்திருந்தது, சொல்லவில்லை, அவன் பெங்களூர் போனான், கதை முடிந்தது. இதற்குச் சாட்சி கிடையாது, தடயம் கிடையாது, எந்தப் பெண்டாட்டியும் வந்து கேட்க இதில் ஒன்றும் கிடையாது. கேட்க வேண்டியது அரசிதான், அதுவும் ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் பெங்களூர்க் கல்லறையில் இருக்கிறான். அவனுக்குத் தெரியுமா? அவ்வளவுதான் கேள்வி. நாற்பத்தைந்து வருஷமாக அரிசி களையும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பெண்ணின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோதுகூட, எங்கோ பின்னால் கிடந்து இதுதான் உறுத்திற்று. தெரிந்தும் பேசாமல் இருந்தானா, தெரியவே தெரியாதா? பேசாமல் இருந்தான் என்றால் வருத்தம். தெரியாது என்றால் அதைவிட வருத்தம், அப்படியானால் அந்த மூன்று வருஷம் அவள் ஒருத்திக்குள் மட்டுமே நடந்திருக்கிறது, அது உலகத்தில் நடந்ததாகவே ஆகாது. போன ஆகஸ்டில் பதிப்பகத்திலிருந்து ஒருவன் வந்து உட்கார்ந்து, ரூஃபஸ் ஞானாபரணம்னு ஒருத்தர் மேடம், ராக் மியூசிக், நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க என்றபோது அவள் தலையைச் சாய்த்து, பேர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு என்றாளே, அந்த நடிப்புக்கு யாராவது பதக்கம் கொடுத்திருக்க வேண்டும். முப்பது வருஷமாகப் பாடப்புத்தகத்துக்குப் படம் போடுகிறவள், தவளையின் ஜீரண மண்டலம், பல் துலக்கும் பாப்பா, எரிமலையின் குறுக்குவெட்டு. சரி என்றாள். கையெழுத்துப் பிரதி வந்தது. ஒரு பத்திரிகைக்காரர் எழுதியது, நன்றாகத்தான் எழுதியிருந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி: அந்நாளைய சுவரொட்டிகளை நண்பர்கள் சிலர் வரைந்து கொடுத்தனர். நண்பர்கள் சிலர்! அந்த நண்பர்கள் சிலர் ஒரே ஆள், அந்த ஆள் இப்போது நங்கநல்லூரில் முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை, நியாயமாகச் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் அந்தப் பக்கத்தைத் தாண்ட இரண்டு நாள் ஆயிற்று.

ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். முதல் நாளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள், போட்டோ இல்லாமல் ஒரு கோடு கிடையாது. ஹெப்சிபா முந்நூற்றுப் பன்னிரண்டு போட்டோ கொடுத்திருந்தாள், ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எந்தப் போட்டோவைப் பார்த்துப் போட்டது என்று பென்சிலால் எண் எழுதினாள். ஏனென்றால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு அந்நியப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடாதவை. வலது கட்டைவிரல் நகத்தை அவன் நீளமாக விட்டிருந்தான், ஓரம் மஞ்சளாக இருக்கும். இடது மணிக்கட்டின் உள்பக்கம் சால்டரிங் இரும்பு பட்ட வடு, ஒரு புளியங்கொட்டை அளவு. கிட்டாரின் கழுத்து முறிந்து, சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுற்றியிருந்தான். இதெல்லாம் எந்தப் போட்டோவிலும் இல்லை, ஆகவே எந்தப் படத்திலும் இல்லை. எழுந்து போய் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், நகம் சாதாரண நகம், மணிக்கட்டு சுத்தம், ட்யூப் கிடையாது. பின் என்ன கேட்கப்போகிறாள்? இரண்டேகால் ஆகியிருந்தது. இதே நேரம்தான். சனிக்கிழமை இரண்டேகாலுக்குக் கீழ்ப்பாக்கத்தில் நெவில் வீட்டுக் கார் ஷெட்டின் கதவைத் திறப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவன் நெவில், அவன் அப்பாவின் காரைத் தள்ளித் தெருவில் விட்டுவிட்டு உள்ளே சாமானை இறக்குவார்கள், ஐந்து மணி வரைதான், அடுத்த வீட்டு ரிடையர்டு ஜட்ஜ் கிளப்பில் சீட்டாடிவிட்டுத் திரும்புகிற வரை. ஃபுட்போர்டு என்று குழுவுக்குப் பெயர், மின்சார ரயிலில் நாலு பேரும் தொங்கிக்கொண்டு போவதால். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அரசியைப் பெரிய டிரம்மின் முகத்தில் பெயர் எழுதக் கூப்பிட்டார்கள், எழுதினாள், அடிக்க அடிக்கப் பெயிண்ட் வெடித்து உதிர்ந்தது, அடுத்த சனிக்கிழமை மறுபடி எழுதினாள், மறுபடி உதிர்ந்தது. எனாமல் பெயிண்டில் எழுதினால் உதிராது. அது அவளுக்கு மூன்றாவது வாரமே தெரியும். போஸ்டர் கலரில்தான் எழுதினாள். மூன்று வருஷம் போஸ்டர் கலரிலேயே எழுதினாள், உதிரட்டும், உதிர்ந்தால்தானே அடுத்த வாரம் வர முடியும், என்னம்மா உன் பெயிண்ட் என்று நெவில் கத்துவான், தோல் சரியில்லை என்பாள், கூசாமல். எழுதி முடித்ததும் போய்விடலாம், ஆனால் காய வேண்டுமே, காய்கிற வரைக்கும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்துகொள்வாள், தரையில் எண்ணெய்க் கறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கொதிக்கும், ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு சூடான தூசி வாசனை வரும், எங்கேயாவது பழைய ரேடியோவைத் திறந்தால் இப்போதும் அந்த வாசனை வருகிறது, வந்தால் அன்றைக்கு முழுதும் கை வேலைக்கு ஆகாது. அவன் நின்றுகொண்டு வாசிப்பான், அவள் உட்கார்ந்துகொண்டு பார்ப்பாள். வேறு என்ன? வேறு ஒன்றுமில்லை. எழுபத்தொன்பது நவம்பரில் ஒரு சனிக்கிழமை மின்சாரம் போயிற்று. மற்ற மூன்று பேரும் டீக்கடைக்குப் போனார்கள். அவன் போகவில்லை. மின்சாரம் இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா, ஒரு ஆள் இருமினால் அமுங்கிப்போகும், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது; அந்தச் சத்தத்தில் அரை மணி நேரம் ஏதோ தேடினான், தேடினான், கிடைத்தது, அதுதான் ‘ஈரப் படிக்கட்டு’ என்று பின்னால் ஊரே பாடிய பாட்டு. முடித்துவிட்டுக் குனிந்து அவளைப் பார்த்தான். எப்படி இருக்கு என்றான். அவள் சொன்னாள், நல்லாருக்கு. நல்லாருக்கு! உப்புமா நல்லாருக்கு, புடவை நல்லாருக்கு, பேரன் மார்க் ஷீட் நல்லாருக்கு. அதற்கப்புறம் எத்தனை பதில்களை யோசித்திருக்கிறாள், நூறு இருக்கும், சமைக்கும்போதுகூடத் திடீரென்று ஒன்று தோன்றும், இதைச் சொல்லியிருக்கலாமே என்று, சில பதில்கள் அவ்வளவு அழகாக இருக்கும், அப்போது வாயில் வந்தது நல்லாருக்கு. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். இருந்தானா, அல்லது அதை அவள் பின்னால் சேர்த்துக்கொண்டாளா, இதுவும் தெரியாது. மின்சாரம் வந்தது. டீ குடிக்கப் போனவர்கள் வந்தார்கள்.

அந்த அரை மணிதான் நாற்பத்து நாலாவது படம், பாக்கி இருக்கிற ஒன்று. அதற்குப் போட்டோ கிடையாது. பதிப்பகத்தில், அத மட்டும் கற்பனையா போட்டுருங்க மேடம் என்றார்கள். புத்தகத்தில் எழுதியிருக்கிறது: அன்று ஷெட்டில் ரூஃபஸ் தனியாக இருந்தார். தனியாக. இதை அவனே பேட்டி கொடுத்துச் சொன்னதா, அல்லது பத்திரிகைக்காரர் போட்டதா? அவனே சொன்னதென்றால், வேறு யாரும் இல்லை என்று அவனுக்கே ஞாபகம் இருந்ததென்றால், கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரிதான், ஆம்ப்ளிஃபையர், சாக்கு, அரசி என்று அவளும் ஷெட்டுச் சாமான்களில் ஒன்று. இதை மூன்று மாதமாக மெல்லுகிறாள். ஒரு தடவை கிட்டத்தட்டத் தெரிந்திருக்கும். தொண்ணூற்றாறில் அவன் கேசட் வெளிவந்தபோது மவுண்ட் ரோடில் ஒரு கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான், பெண்ணை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டு அங்கே போய் வரிசையில் நின்றாள், முன்னால் இருபது பேர், பதினைந்து பேர், எட்டுப் பேர், புடவை சரியில்லை, தலையில் நரை, போய்விடலாமா, இவ்வளவு நேரம் நின்றாயிற்றே, நாலு பேர், அவன் தலையில் நடுவகிட்டில் வழுக்கை ஆரம்பித்திருந்தது, அதைப் பார்த்ததும் அவளுக்கு அவன் மேல் வந்த பிரியம் பத்தொன்பது வயதில்கூட வந்ததில்லை. அவள் முறை வந்தது. அவன் கேசட் அட்டையைப் பார்த்தபடியே பேனாவை வைத்துக்கொண்டு, பேரு என்றான். நிமிரவில்லை. அரசி என்று சொன்னால் நிமிர்வானா? நிமிர்ந்தால் நல்லது. நிமிராவிட்டால்? அரசி என்று அழகாக எழுதி, தேங்க் யூ என்று அடுத்த ஆளுக்குக் கையை நீட்டினால், அதற்கப்புறம் எங்கே போய் நிற்பது? கலா என்றாள். தங்கை பெயர். கலாவுக்கு அன்புடன் என்று எழுதிக் கொடுத்தான். படியிறங்கும்போது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு பக்கத்தில் போய், பதில் கிடைத்துவிடுமே என்று பயந்து ஓடிவந்தவள், பதில் தெரியவில்லையே என்று இன்னும் உருகுகிறாள், இப்படிப்பட்டவளை என்ன செய்வது?

மூன்று மணிக்குக் கண்டுபிடித்தாள். பதினேழாவது படத்தில் கறை மாதிரி ஏதோ தெரிகிறதே என்று கிளிப்பிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோது, அழித்த பென்சில் கோடு ஒன்று தாளின் குறுக்கே மினுங்கியது. கண்மட்டக் கோடு. கல்லூரியில் முதல் வாரம் கற்றுக்கொண்டது, எதை வரைந்தாலும் முதலில் உன் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு கோடு போடு, மற்றதெல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே கீழே தானாக அமையும், முடிந்ததும் அழித்துவிடு. கை பழகிவிட்ட வேலை, யோசித்துப் போடுவதில்லை, மூச்சு விடுவதுபோல. பதினேழில் கோடு ரூஃபஸின் முழங்கால் மட்டத்தில் ஓடியது. பதினெட்டை எடுத்தாள், முழங்கால். பத்தொன்பது, முழங்கால். அவள் இருபத்தாறு, முப்பது, முப்பத்தைந்து என்று பிடுங்கிப் பிடுங்கி வெளிச்சத்துக்குக் காட்டினாள், எல்லாவற்றிலும் அதே மட்டம், தரையில் மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் கண் மட்டம். போட்டோ எடுத்தவர்கள் நின்றுகொண்டு எடுத்திருக்கிறார்கள், அரசி அத்தனையையும் கீழே இழுத்து உட்காரவைத்துவிட்டாள். நாசரேத் கோவில் பாடகர் குழுவில் ஏழு வயது ரூஃபஸ், அரை டிராயர், அவனையும் கீழேயிருந்துதான் அண்ணாந்து பார்த்திருக்கிறாள், ஏழு வயதுப் பிள்ளையை! ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், படுத்திருக்கிறவனைக்கூடக் கட்டிலுக்குக் கீழேயிருந்து, பரணில் வைத்த அண்டாவைப் பார்ப்பதுபோல. ஜனவரியிலேயே பதிப்பகத்துப் பெண் கேட்டாள், எல்லாமே லோ ஆங்கிள்ல இருக்கே மேடம் என்று, ஹீரோ இல்லையாம்மா, உயரமாத் தெரியணும்ல என்று இவள் சமாளித்தாள், சமாளித்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தாள், அதுவே உண்மை என்றும் நம்பிவிட்டாள். கண்கள் இன்னும் மோசம். போட்டோக்களில் அவன் காமிராவைப் பார்க்கிறான், கூட்டத்தைப் பார்க்கிறான். படங்களில் அவன் கொஞ்சம் குனிந்து, இடது பக்கமாக, கீழே ஒரு இடத்தைப் பார்க்கிறான். நாற்பத்து மூன்றிலும் அதே இடம். அந்த இடத்தில் யாரும் இல்லை, வெறும் தாள்தான். போட்டோ இல்லாமல் ஒரு கோடு கிடையாது என்று சட்டம் போட்டவள், எதைப் போடக் கூடாதோ அதை மட்டும்தான் போட்டிருக்கிறாள். அரசிக்குக் காது இரண்டும் சுட்டன. இதைத்தான் கேட்க வருகிறாள், முப்பத்தாறு வருஷம் அவனோடு வாழ்ந்தவளுக்குத் தெரியாதா, எந்தப் படத்தை எடுத்தாலும் என் புருஷன் யாரைப் பார்க்கிறான், யார் அங்கே உட்கார்ந்திருப்பது என்று கேட்பாள், நியாயமான கேள்வி, என்ன சொல்வது, நான்தான் என்றா, ஆனால் அவர் என்னைப் பார்த்தாரா என்று எனக்கே தெரியாது என்றா? ஒரு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று ஜோடிக் கண்களை மாற்ற முடியாது. பொய்யாகக் காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளலாம். சிவப்பிரகாசம் எழுந்து வந்து, கொடியில் தொங்குகிறவனை ஒரு பார்வை பார்த்து, எல்லாத்துலயும் ஒரே மாதிரி முழிக்கிறானே என்றார், டீ போட்டு அவளுக்கும் ஒரு டம்ளர் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அவருக்கே தெரிகிறது!

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசல் மணி அடித்தது. ஹெப்சிபா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், வெள்ளையில் சின்னப் பூப்போட்ட காட்டன் புடவை, கையில் பிளாஸ்டிக் உறை, மாடியேறியதில் மூச்சு வாங்கியது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்துக்கொண்டே கொடியைப் பார்த்தாள், டம்ளர் பாதியில் நின்றது. அரசி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாதுக்கா,” என்றாள் ஹெப்சிபா. இத்தனை மாதம் மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். “நகலு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். ஒரு வாரமா பாத்துக்கிட்டே இருக்கேன். எங்கிட்ட முந்நூத்துச் சொச்சம் போட்டோ இருக்குல்லா, அதுல ஒண்ணுலகூட அவுக இப்படிப் பாக்கல. இந்தப் பார்வைய எங்கேருந்து எடுத்தீங்க?”

“கற்பனைதான்,” என்றாள் அரசி.

“அப்பிடித்தான் நானும் நினைச்சேன். கடவுள் உங்களுக்குக் குடுத்த வரம்.” ஹெப்சிபா பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள், எதையும் எடுக்காமலே மறுபடி மூடினாள். “எப்பிடிச் சொல்லன்னு தெரியல. நல்ல மனுசன்க்கா. ஒரு நாள் கை ஓங்கினது இல்ல, குடிச்சிட்டு வந்தது இல்ல. கூட்டத்தப் பாப்பாக, பிள்ளைகளப் பாப்பாக, எங்கிட்டப் பேசுறப்ப எனக்குப் பின்னால இருக்க ஜன்னலப் பாப்பாக, மனசுல ஏதோ பாட்டு ஓடும். இப்பிடி நின்னு என்னயப் பாத்தது இல்ல. எனக்கு அதுல கோவமும் இல்ல. ஒரு படம் பாக்கி இருக்குன்னாங்களே. அதுல என்னய உக்கார வச்சிருங்க. அந்தப் பாட்டு உண்டான அன்னிக்கு நான் கிடையாது, எனக்குத் தெரியும், எழுதினவர்ட்ட நான் பேசிக்கிடுதேன். பேரப்பிள்ளைக பாக்கும்லா, தாத்தா ஆச்சியப் பாத்தாகன்னு. பொய்தான். ஒரே ஒரு படம்.”

அரசிக்கு முதலில் வந்தது கோபம், அது என் இடம் என்று கத்த வேண்டும் போல இருந்தது, அந்தச் சாக்கு, அந்த எண்ணெய்க் கறை, அந்த அரை மணி, அது ஒன்றுதான் எனக்கு என்று இருப்பது, உனக்கு முப்பத்தாறு வருஷம், பிள்ளைகள், பேர், கல்லறையில் பக்கத்து இடம். அப்புறம் ஹெப்சிபாவின் கையைப் பார்த்தாள், பிளாஸ்டிக் உறையின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்த கை, கல்யாண மோதிரம் தளர்ந்து போயிருந்தது, கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, இவளும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், அதே ஆளுக்காக, அதே பார்வைக்காக, ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு காத்திருப்பது இன்னும் கஷ்டம் அல்லவா? “சரி,” என்றாள். “உக்காருங்க. நாற்காலி வேணாம், தரையில. முட்டி வலிக்குமா?” வலிக்கும்தான், வலித்தால் என்ன என்றாள் ஹெப்சிபா, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அரசி பலகையில் புதுத் தாளைச் செருகினாள். எப்போதும்போலத் தாளின் கீழ்ப்பாகத்துக்குப் போன கை நின்றது, இது அந்தப் படம் இல்லையே, இந்த முகத்தை அவன் பார்க்க வேண்டும், அப்படியானால் அவன் நிற்கிற இடத்தில் நின்று பார்த்துப் போட வேண்டும். கண்மட்டக் கோட்டைத் தாளின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் போட்டாள். பலகையைக் கிட்டார் மாதிரி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி, ஹெப்சிபாவுக்கு முன்னால் நின்றாள்.

“எங்கக்கா பாக்கணும்?”

“என் முகத்த. அவர்னு நினைச்சுக்குங்க.”

ஹெப்சிபா சிரித்தாள், வெட்கப்பட்டாள், போங்கக்கா என்றாள், இந்த வயசுல என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. முகத்தை நிமிர்த்தினாள். மோவாய் கொஞ்சம் மேலே வந்தது, உதடு கொஞ்சம் பிரிந்தது, கழுத்து வெளிச்சத்துக்கு வந்தது, கண் அகன்றது, அறுபதை நெருங்கும் அந்த முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் எங்கோ ஒதுங்கி நின்றுகொண்டது. அந்த முகம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க முடியும் என்று அதற்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. அரசி பார்த்தாள். ஆசைப்பட்டவள் கீழே உட்கார்ந்து அண்ணாந்தால் மேலே நிற்கிறவன் கண்ணுக்கு இப்படியா இருக்கும்? இப்படித்தான் இருந்திருக்கும், பத்தொன்பது வயதில் இன்னும் பத்து மடங்கு, எழுதி ஒட்டியது மாதிரி, தெருவில் போகிறவன்கூடப் படித்திருப்பான். வாயைத் திறக்காததால் ரகசியம் காப்பாற்றப்பட்டது என்று நாற்பத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாளே, மக்கு, வாய் எதற்கு இதற்கு? தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. அவனுக்குத் தெரியும். முதல் சனிக்கிழமையே தெரியும், ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரியும், குனிந்தபோதெல்லாம் தெரியும். பாவி, என்று மனசுக்குள் சொன்னாள், சொல்லும்போதே நெஞ்சுக்குள் என்னமோ நிறைந்து மூச்சு முட்டியது, சந்தோஷம்தான், வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை, தெரிந்திருக்கிறது, நடந்திருக்கிறது, நான் அங்கே இருந்திருக்கிறேன். தெரிந்தும் ஏன் பேசவில்லை? ஏன் அப்படி ஒரு கொடுமை? ஹெப்சிபா இன்னும் அண்ணாந்துதான் இருந்தாள். அவள் கண் நிறைந்துகொண்டு வந்தது, துடைக்கவில்லை, அவரைப் பார்க்கிறாள் அல்லவா. அரசி ஏதாவது சொல்ல நினைத்தாள். என்ன சொன்னாலும் போதாது என்று தெரிந்தது. அந்த முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது, ஒன்று உட்கார்ந்து அதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், தைரியம் இல்லையென்றால் கையில் ஏற்கெனவே இருக்கிற வேலையைப் பார்க்க வேண்டும், அவன் கையில் அன்றைக்குக் கிட்டார் இருந்தது.

“சரியா இருக்காக்கா?” என்றாள் ஹெப்சிபா, முகத்தை அசைக்காமல்.

“அப்படியே இருங்க,” என்றாள் அரசி, தலையைக் குனிந்துகொண்டு வரைய ஆரம்பித்தாள்.